சாக்குக் கழிவு

பதினஞ்சு கிலோ இறக்கணும் என்றார்
சி.எம்.சி.யில் அந்தச் சின்ன வயசு டாக்டர்.
இறக்குகூலி யார் தருவது என்று
கேட்க வாயெடுத்து, அடக்கிக்கொண்டேன்.
வேலூர் மண்டித் தெருவில்
இருபத்தேழு வருசமாய் எடை எழுதுகிறவன் நான்.
எதையும் சும்மா இறக்கிப் பழக்கமில்லை.

நாசிக் லாரி, பெல்லாரி லாரி.
வெங்காயம் தராசு ஏறும்.
சிவப்பு எண்கள் கொஞ்சம் துடித்து, பிறகு நிற்கும்.
நிற்பதற்குள் எழுதுகிறவன் திருடன்.
நின்ற பிறகு திருத்துகிறவன் பெரிய திருடன்.

கடை அடைத்ததும்
ஷபீர் சாக்குகளை உதறி மடிக்கிற நேரத்தில்
செருப்பைக் கழற்றிவிட்டு நானே ஏறினேன்.
தொண்ணூற்றெட்டு நானூறு.
சிட்டை நோட்டின் கடைசிப் பக்கத்தில்
கையெழுத்தைக் கோணலாக்கி எழுதிவைத்தேன்.

மறுநாளிலிருந்து
லுங்கிக்கு முந்நூறு கிராம் கழித்தேன்.
சாவிக்கொத்துக்கு நூறு.
மத்தியானம் குடித்த தண்ணீருக்கு
மனசாட்சியோடு பேரம் பேசி அரைக் கிலோ.
சாக்குக்குக் கழிவு போடுகிற வியாபாரம்தானே.
மூன்றாம் வாரம் கூட்டிப் பார்த்தால்
உடம்பு குறைந்தது எழுநூறு கிராம்,
கழிவு மட்டும் இரண்டு கிலோவுக்கு வளர்ந்திருந்தது.

எல்லாக் கழிவையும் அன்றைக்கே அடித்தேன்.

சாயங்காலம் கோட்டை அகழியோரம் இரண்டு நடை.
சித்திரை வைகாசியில் ஆறு மணிக்கும்
அந்தக் கருங்கல் சுவர்
இப்போதுதான் அணைத்த அடுப்பு மாதிரி மூச்சுவிடும்.
தூரம் ஒன்றும் பெரிதில்லை.
பழைய பஸ் ஸ்டாண்டு முனையில்
மிளகாய் பஜ்ஜி எண்ணெயில் விழுகிற
அந்தச் சத்தத்தைத் தாண்டுவதுதான்.

வீட்டில் மங்கையர்க்கரசி
களி உருண்டையைச் சிறிதாக்கி
கீரையைப் பெரிதாக்கினாள்.
ஏன் என்று நான் கேட்கவில்லை,
எவ்வளவு என்று அவள் கேட்கவில்லை.

தொண்ணூற்றேழு நூறு.
தொண்ணூற்றாறு இருநூறு.
ஆம்பூரில் ஒரு கல்யாணம்.
தொண்ணூற்றேழு ஐந்நூறு.
அதையும்தான் எழுதினேன்.

ஆடி முழுக்கத் தொண்ணூற்றைந்து அறுநூறு.
கூழ் ஊற்றுகிற வீடுகளையெல்லாம் சுற்றிக்கொண்டு
வேறு தெரு வழியாய் நடந்தும் அதே அறுநூறு.
தராசுதான் படுத்துவிட்டதென்று
இருபது கிலோ படிக்கல்லைத் தூக்கி வைத்தேன்.
இருபது என்றது, முகத்தில் அடித்த மாதிரி.

நோட்டை விட்டெறிந்த ராத்திரி
ஷபீர்தான் பொறுக்கிவந்து கொடுத்தான்.
"லாரி வராத நாளும் கடை தொறக்கிறோம்லண்ணே.
வெறும் தேதியாவது போட்டு வை."

போட்டுவைத்தேன். பதினோரு வெறும் தேதிகள்.
ஆவணி மூன்றாம் நாள் எண் அசைந்தது,
தொண்ணூற்றைந்து நூறு.

சந்தோஷப்படத் தெரியவில்லை எனக்கு.
ராத்திரி காய்ந்த மூட்டை
காலையில் அரைக் கிலோ விட்டிருந்தால்
இந்தத் தெருவில் சட்டையைப் பிடிப்பார்கள்.
குறைந்தது என்றால் நஷ்டம்,
எனக்குத் தெரிந்த பாஷை அதுதான்.
இதை எந்தப் பக்கம் எழுதுவது,
வரவிலா, பற்றிலா?

புரட்டாசி வந்து கறியை நிறுத்தியது,
அந்தப் பெருமை பெருமாளுக்கு.
அந்த மாசம்தான் முதலாளி பூங்காவனம்
எதையோ தேடிக் கடைசிப் பக்கத்தைப் புரட்டிவிட்டார்.

"யார் பார்ட்டி சரக்குய்யா இது?
ஆறு கிலோ முந்நூறு காணோம்!
மூட்டைல எங்க ஓட்டை?"

ஷபீர் சிரித்த சிரிப்பில்
முதுகு மூட்டை தரைக்கு வந்தது.

"என் சரக்குதாங்க" என்றேன்.

நோட்டைப் பார்த்தார். என் வயிற்றைப் பார்த்தார்.
திரும்ப நோட்டை.
பிறகு ஷட்டரைப் பாதி இறக்கச் சொல்லிவிட்டு
செருப்பை மேசைக்கடியில் தள்ளி
வேட்டியை மடித்துக் கட்டி
தராசில் ஏறி நின்றார்,
கண்ணைச் சுவர்க் காலண்டரில் வைத்துக்கொண்டு.

எண்கள் துடித்தன.
மூன்று பேரும் மூச்சுவிடவில்லை.

"எத்திராஜு,
வேட்டிக்கு எவ்ளோ கழிவு போடுவ?"

"மொத நாள் போடலாங்க" என்றேன்,
பக்கத்தில் இன்னொரு கோடு கிழித்தபடி.