பாதிக் கண்டம்

ஏழாம் பெட்டிக்கு நாங்கள் இருவர்.
மாஸ்கோ நேரம் காலை எட்டிலிருந்து இரவு எட்டு வரை நான்,
பிறகு செசெக்.
படுக்கை ஒன்றுதான்.
அவள் எழுந்துபோன சூட்டில் நான் படுப்பேன்,
என் சூட்டில் அவள்.
பதினோரு வருஷத்தில் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டதெல்லாம்
விளாடிவஸ்தோக்கில், வண்டியைக் கழுவும்போது.

நகரங்கள் எனக்குத் தெரியும், முதுகுப்பக்கமாக.
பெர்ம் என்றால் பால்கனியில் காயும் நீலப் போர்வை.
ஓம்ஸ்க் என்றால் துருவேறிய கார் கொட்டகைகள்,
கூரைமேல் ஓடும் பையன்கள்.
நோவோசிபிர்ஸ்கின் முகத்தைப் பத்தொன்பது நிமிஷம் பார்க்கலாம்.
குளிர்காலத்தில் அந்தப் பத்தொன்பதும்
பெட்டிக்கடியில் உறைந்த பனியை
இரும்புக் கம்பியால் தட்டுவதில் போய்விடும்.
ஓப் ஆறு ஒன்றுதான் ஒளிக்காமல் வரும்;
அதையும் பாலத்தின் சட்டங்கள்
நறுக்கி நறுக்கித்தான் தரும்.

கடிகாரம் நடுராத்திரி என்று சொல்லும்போது
கிழக்கே பால் கறந்து முடித்திருப்பார்கள்.
அப்படித்தான் பைக்கால் ஏரி
எப்போதும் செசெக்கின் வேலைநேரத்தில் வந்தது.
நூறு தடவைக்கு மேல் அதன் கரையில் குறட்டை விட்டிருக்கிறேன்.
எழுப்பு என்றால்,
'வாயைத் திறந்து தூங்கினாய், மனசு வரவில்லை' என்பாள்.
கணக்கு நோட்டின் ஓரத்தில் எழுதி வைப்பாள்:
'போர்வை 36. டம்ளர் ஒன்று உடைந்தது. ஏரி இருந்தது.'
எங்கே போகும், என்று நான் கீழே எழுதுவேன்.

அவளுக்கு நான் என்ன தருவது?
என் பாதியில் பிர்ச் மரம், பிர்ச் மரம், சதுப்பு,
மறுபடி பிர்ச் மரம்.
ஒரு ஜனவரியில், பொறாமையில், எழுதினேன்:
தைஷெட்டுக்கு முன்னால், நம் வண்டி நிற்காத சின்ன நிறுத்தம்,
பச்சைக் கதவருகே ஒரு வெள்ளைக் குதிரை,
நம்மைப் பார்த்துத் தலையாட்டுகிறது.

அங்கே கதவு உண்டு.
குதிரை கிடையாது.

பொய்க்கு ஒருமுறை தீனி போட்டால் வாசலை விட்டுப் போகாது.
அடுத்த நடையில் அதன் ஒரு காது மடங்கியது.
வசந்தத்தில் யாரோ கழுத்தில் மணி கட்டினார்கள்.
'குதிரை எப்படி?' என்று செசெக் எழுதுவாள்,
சர்க்கரைக் கணக்குக்கும் முன்னால்.

போன ஜூனில் இஷிம் பக்கம் சரக்கு வண்டி ஒன்று தடம்புரள
பதினோரு மணி நேரம் நின்றோம்.
சீத்தா போகும் அம்மாள்
கள்ளிச்செடித் தொட்டியை மடியிலிருந்து இறக்கவேயில்லை.
நில அளவைக்காரர் ஒருவர் தண்டவாளத்தோரம்
காட்டு ஸ்ட்ராபெரி பறித்து
என் தேநீர் டம்ளரில் கொண்டுவந்து தந்தார்,
டம்ளரைத் திருப்பித் தந்த மாதிரியும் ஆயிற்று.
கிளம்பியபோது
கண்டமே புரண்டு படுத்திருந்தது.
அவள் பாதி எனக்கு,
என் பாதி அவளுக்கு.

ஏரி வரப்போகிறதென்று ஜன்னலைத் துடைத்தேன்.
துடைத்த துணியைத் துவைத்து மறுபடி துடைத்தேன்.

மூடுபனி.

மூன்று மணி நேரம்,
வெளியே யாரோ கண்ணாடிக்குச் சுண்ணாம்பு அடித்த மாதிரி.
ஒருதடவை ஒரு படகின் மூக்கு. வேலிக்கம்பமாகவும் இருக்கலாம்.
நடைமேடையில் புகைபோட்ட மீனின் வாசனை வந்தது,
விற்றவளின் கை வந்தது,
முகம் வரவில்லை.
'இதுதானா?' என்றாள் கள்ளிச்செடி அம்மாள்.
இதுதான் என்றேன்,
பட்டா வைத்திருப்பவள் மாதிரி.

எட்டு மணிக்கு நோட்டைத் திறந்தேன்.
அவள் காலையில் எழுதியது:
'போர்வை 34. எலுமிச்சை தீர்ந்தது.
குதிரையைப் பார்த்தேன். கொஞ்சம் இளைத்திருக்கிறது.'

உள்ளே அவள் எழுந்து
இருட்டில் செருப்பைத் தேடும் சத்தம்.

தேயிலை இரண்டு பாக்கெட் மிச்சம், என்று எழுதினேன்.
ஏரி இருந்தது.