மனம் மாறியது

கணினித் திரையில் காரணங்கள் நான்குதாம்.
அளவு சரியில்லை. நிறம் பிடிக்கவில்லை.
பழுது. மனம் மாறியது.
ரியேக்கா நகரத்து வெறுப்பு முழுவதையும்
இந்த நான்கு பெட்டிக்குள்
மடித்து வைக்கத்தான் எனக்குச் சம்பளம்.

வெரோலாவின் ஷட்டர் பாதி ஏறும்போதே
குனிந்து உள்ளே வருகிறாள் நெவென்கா.
கையில் கம்பளிச் சட்டை.
"ஒரே தடவைதான் துவைத்தேன்,
முப்பது டிகிரி, சீட்டில் போட்டபடி.
இப்போது என் பூனைக்குச் சரியாக இருக்கிறது."
கந்தையானாலும் கசக்கிக் கட்டலாம்.
கசக்கியதாலேயே கந்தையானதை?
பழுது என்று அழுத்தினேன்.
திரை புகைப்படம் கேட்டது.
மேசைமேல் கைகளை மடக்கிக்கொண்டு
ஒன்றும் தெரியாத பிள்ளைபோல் கிடந்தது சட்டை.
நிராகரிக்கப்பட்டது என்று பதில் வந்தது.
எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.
கதவைச் சாத்தவில்லை.

அந்தக் கதவு வழியாகப் புரா காற்று,
காற்றோடு ஸ்ரின்கா, அவளோடு ஒரு கோட்டு.
"நேற்று பாலத்தின்மேல்
விரல் விறைத்துப்போய்க் கையைச் சொருகினேன்.
மூடி இருக்கிறது, தையல் இருக்கிறது,
பித்தான்கூட இருக்கிறது.
பைதான் இல்லை."
பொய்க்குத் திரையில் பெட்டி கிடையாது.
மனம் மாறியது என்று அழுத்தினேன்.
"என் மனம் மாறவில்லையே" என்றாள்.
தெரியும் என்றேன்.
ரசீதை அவள் வைத்துக்கொள்ளவும்
ஒரு பை இல்லை.

மதியம், துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் திஹோமிர்
இரண்டு காற்சட்டைகளோடு வந்தார்.
இரண்டிலும் ஐம்பது என்றுதான் போட்டிருந்தது.
ஒன்று இடுப்பிலிருந்து வழிகிறது,
மற்றது தொடையிலேயே நின்றுவிடுகிறது.
"இருபது டன் என்று எழுதிய பெட்டி
இருபது டன் இல்லையென்றால்
கீழே நிற்பவன் செத்துப்போவான்.
எண் என்றால் உங்களுக்கு விளையாட்டா?"
பதில் என்னிடம் இல்லை.
ஒன்றை இன்னொன்றின்மேல் வைத்து
இருவரும் பார்த்துக்கொண்டே நின்றோம்,
வரிசை முணுமுணுக்கும்வரை.

எல்லாரும் போகும்போது
ஒரே சத்தியத்தைத்தான் செய்கிறார்கள்:
இனி எதிர்க்கடை லும்ப்ராவில்தான் வாங்குவேன்,
அங்கே துணி துணியாக இருக்கும்.
தலையாட்டுகிறேன்.
புதன்கிழமை விடிவதற்குமுன்
எர்வினின் லாரி பாதிச் சரக்கை
எங்கள் பின்வாசலில் இறக்கிவிட்டு
தெருவைக் கடந்து மீதியை அங்கே இறக்குவதை
நான் சொல்வதில்லை.
எர்வினும் சொல்வதில்லை.
ஆள் பாதி, ஆடை பாதியாம்.
ஆடையில் பாதி
கழுத்துக்குப் பின்னால் தைத்த
அந்தச் சின்னத் துண்டு.
என் சீருடையில் அது உறுத்துகிறது என்று
கத்தரித்துவிட்டேன்.
இனி அதைத் திருப்பித் தர முடியாது
என்றாள் மேலாளர் கோர்தானா.
சிரிக்கிறாளா என்று பார்த்தேன். இல்லை.

உடைமாற்றும் அறையின் விளக்கைப் பற்றி
யாரும் புகார் தருவதில்லை.
மீன் சந்தையில் செவுளுக்குக் காட்டும் வெளிச்சம் அது.
அந்தத் திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து
பெண்கள் வெளியே வரும்போது
துணியைத் திட்டுவதில்லை.
வயிற்றை உள்ளிழுத்துக்கொண்டு
என்னிடம் மன்னிப்புக் கேட்கிறார்கள்.
அதற்கு எந்தப் பெட்டியை அழுத்த?

சனிக்கிழமை, கடை மூட ஐந்து நிமிடம்.
நெவென்கா மறுபடி வந்தாள்.
மேலாளரைக் கூப்பிடச் சொல்வாள்,
கத்துவாள் என்று எழுந்து நின்றேன்.
அலமாரியில் அதே சட்டையைத் தேடி எடுத்தாள்,
அதே பாசி நிறம்,
இரண்டு அளவு பெரியது.
தோளில் வைத்துப் பார்த்தாள்,
பாய்மரம்போல் தொங்கியது.
"பொருந்தாதே" என்றேன்.
"துவைத்தால் பொருந்தும்."

பணத்தை எண்ணி வைத்தாள்.
திரை ஒரே நொடியில் பச்சையானது.
வாங்குவதற்கு
அது காரணம் கேட்பதில்லை.