தூசி

பதினொன்று என்றார்கள். பிறகு இரண்டு.
மூன்று ஹெலி வரும். எதில் அவர் என்று
ஓட்டுகிறவனுக்கும் கடைசியில்தானாம் தெரியும்.
எனக்குச் சொன்னது ஒன்றே ஒன்று:
தூசி எழும்பக் கூடாது.

பிரதேச சபை பவுசரில் ஆறு நடை.
முத்தையன்கட்டு வாய்க்கால் தண்ணி முழுக்கப்
பள்ளிக்கூட மைதானம் குடித்தது.
கோல்கம்பங்களைப் பிடுங்கிவிட்டார்கள்.
மலசலகூடத் தகரத்தின் மேல் மண்மூட்டை.
யோகராணி வீட்டுக் கொடியில்
ஈரத்தோடு கிடந்த உடுப்பும் உள்ளே போக வேண்டும்.
கண்ணிவெடிக்காரர் திரும்பவும் வந்தார்கள்.
பன்னிரண்டு வருடம் பிள்ளைகள் பந்தடித்த நிலத்தைக்
குத்திக் குத்திப் பார்த்துவிட்டு
'பாதுகாப்பானது' என்று
இன்றைய திகதியில் எழுதிக் கொடுத்தார்கள்.

எந்தப் பக்கத்தால் இறக்குவது?
விமானப்படை அதிகாரி வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
'பாலைமரத்துக்கும் தண்ணித்தாங்கிக்கும் இடையால,'
கொடியை அவிழ்த்தபடி யோகராணி சொன்னாள்,
'வெயிலை முதுகில வைச்சு, பதிஞ்சு வரும்.'
உனக்கெப்படித் தெரியும் என்று
அவர் கேட்கவில்லை.
குறித்துக்கொண்டார்.

இரண்டே முக்கால்.
மூன்றும் அந்த இடைவெளியால்தான் வந்தன.
தூசி எழும்பவில்லை, ஒரு பொட்டும்.
சுண்ணாம்பில் போட்ட வட்டம் மட்டும்
என் தண்ணியில் கரைந்து
பால் கொட்டியதுபோல் கிடந்தது.

அதையும் நான்
பவுசருக்குக் கீழே இருந்துதான் பார்த்தேன்.
எப்போது புகுந்தேனோ தெரியாது.
காலைப் பிடித்து இழுத்தான் ஒரு ஆமிக்காரன்,
சின்னப் பெடியன், துவக்கு என் நெற்றிக்கு நேரே.
என்ன செய்யிறாய் இங்கே?

'வால்வு ஒழுகுது, சேர்.'

உண்மையிலேயே ஒழுகிக்கொண்டுதான் இருந்தது.