ஒண்ணுமில்ல

காலை ஆறு மணியிலிருந்து
செம்பனை லோரிகளை நிறுக்கிறேன்.
குலைகளோடு வரும்போது ஓர் எண்,
ஆலையில் கொட்டிவிட்டுத் திரும்பும்போது ஓர் எண்.
கழித்தால் சுமை.
பதினோரு வருஷமாய்
ஒரு கிலோகூடத் தப்பியதில்லை
என்றுதான் எல்லாரிடமும் சொல்வேன்.

யோகிதாவின் தேர்ச்சி அறிக்கையில்
"அமைதியான மாணவி. தொந்தரவு இல்லை"
என்று டீச்சர் எழுதியிருந்தார்.
அதற்காகவே கோலகெட்டில் பட்டணத்துக்குக்
கூட்டிப்போய்
ஐஸ் மிலோ வாங்கிக் கொடுத்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை
தேவிஷா குடும்பம் ஜொகூருக்குப் போனது.
மெத்தை கட்டிய லோரிக்குப் பின்னால்
எதிர்வீட்டுப் பையன் அழுதுகொண்டே ஓடினான்.
இவள் கை காட்டினாள்.
வீட்டுக்குள் வந்து சோறு தின்றாள்.
தட்டைக் கழுவியும் வைத்தாள்.
"உங்க பிள்ளை தங்கம்ங்க" என்றார்கள்.

ராத்திரி, பள்ளிக் காலணிக்கு
வெள்ளைச் சாயம் அடித்தாள்.
சனிக்கிழமையும் அடித்தாள்.
ஞாயிற்றுக்கிழமை
காய்ந்து வெடித்த சாயத்தின் மேல் மறுபடி சாயம்.

"என்னம்மா?"
"ஒண்ணுமில்லப்பா."

இன்னொரு தடவை கேட்க வாயெடுத்து
விட்டுவிட்டேன்.
பக்கத்தில் உட்கார்ந்து
மற்றக் காலணியை எடுத்துக்கொண்டேன்.
பழைய பல்துலக்கி ஒன்று கிடைத்தது.
ஆலைச் சங்கு ஊதி அடங்கியது.
தவிட்டு வாடையும் எண்ணெய் வாடையும் கலந்த காற்று.
கொசு.

"எடைக்கொட்டகையில என்கூட இருந்தாரே அஸ்மான்,
அவரு சபாவுக்கு மாத்தலாகிப் போனாரில்ல,
அன்னிக்கு எனக்குக் கழித்தலே வரலம்மா.
ஒரு லோரிக்கு முந்நூறு கிலோ தப்பா எழுதிட்டேன்."

காலணியைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்:
"அப்புறம்?"

"மேனேஜர் கூப்பிட்டு, என்னாச்சுன்னு கேட்டாரு.
ஒண்ணுமில்ல சார்னு சொல்லிட்டேன்."

துலக்கி நின்றது.

ரொம்ப நேரம் கழித்து
என் முழங்கைமேல் அவள் நெற்றி வந்து இடித்தது.
சட்டைக்கை நனைந்தது.
சாயமாகவும் இருக்கலாம்;
குனிந்து பார்க்கவில்லை.
கையில் இருந்த காலணிக்கு
அடித்த இடத்திலேயே அடித்துக்கொண்டிருந்தேன்.

சிமெண்டுத் தரையில் இன்னும் இருக்கிறது
வெள்ளையாய் ஒரு பெருவிரல் ரேகை.
அவள் அம்மா தேய்த்துப் பார்த்தாள், போகவில்லை.

திங்கட்கிழமை ஈரக் காலணியோடுதான்
பள்ளிக்குப் போனாள்.
அறிக்கையைக் கொடுத்தனுப்பினேன்.
பெற்றோர் கையெழுத்துக் கட்டத்தில்
"தொந்தரவு இருக்கிறது டீச்சர்" என்று எழுத ஆரம்பித்து
இடம் போதாமல்
ஓரத்தில் வளைத்து எழுதினேன்:
"கேட்டால் சொல்ல மாட்டாள்.
கொஞ்சம் பக்கத்தில் உட்காருங்கள்."