மூன்றரை

மாதக் கடைசிச் செவ்வாயில்
மிஞ்சிய மாத்திரைகளை எண்ணுவது என் வேலை.
நீலத் தட்டில் கொட்டி
தட்டைக் கரண்டியால் ஐந்தைந்தாய்த் தள்ளுவேன்.
ஜன்னலுக்குக் கீழே ரியோனி ஆறு,
ஓரத்தில் மட்டும் உறைந்து.

நோதாருக்கு வெறும் வயிற்றில் நூற்றுப் பதினான்கு.
அவர் மனைவி சியாலாவுக்கு நூற்றுப் பதினாறு.
நோய் என்று சொல்ல முடியாது,
இல்லை என்றும் வாய் வராது.
படியில் நின்றபடி
உள்ளே வரட்டுமா என்று கேட்காத விருந்தாளி.

இருவருக்கும் ஒரே வெள்ளை, ஒரே வழுவழுப்பு.
ஒன்றில் துத்தநாகம்.
மற்றதில் மாவும் கொஞ்சம் பால்சர்க்கரையும்.
(சர்க்கரைக்கு வந்தவருக்குச் சர்க்கரையே வெற்று மருந்து.
இதைச் சொன்னால் டாக்டர் எல்குஜா சிரிக்கமாட்டார்.)
எது எவருக்கென்று எனக்கும் தெரியாது.
தெரிந்த தாள் திபிலீசியில் பூட்டிக் கிடக்கிறது.

முதல் மாதம் அவருக்குப் பதினொன்று மிச்சம்,
அவளுக்கும் பதினொன்று.
அடுத்த மாதம் ஏழு. ஏழு.
இன்று
மூன்றரை.
மூன்றரை.

பேனாவை மூடினேன்.
பஸ் பணிமனையில் பிரேக் பார்க்கும் நோதார்
தன் நகத்துக் கிரீஸைப் படித்துக்கொண்டிருந்தார்.
சியாலாதான் சொன்னாள்:

"முதல் நாளே இவர் நாக்கில் இரும்பு ருசி என்றார்.
எனக்கு ஒன்றுமில்லை.
அப்படியென்றால் மருந்து இவருக்கு, எனக்கு மாவு.
மூன்று ராத்திரி தூங்கவில்லை, லமாரா.
நாலாம் ராத்திரி எழுந்து விளக்கைப் போட்டார்.
வெள்ளரி ஊறப்போட்ட ஜாடியைக் கழுவித் துடைத்தார்.
இரண்டு புட்டியையும் கவிழ்த்தார், குலுக்கினார்.
இனி கடவுளுக்கும் தெரியாது,
படு என்றார்."

ஆய்வில் இரண்டு வரி வீண்.
விலக்கியோர் பட்டியலில் ஏற்ற வேண்டும்.
காரணம் என்ற கட்டத்தில்
ஒரு சொல்லுக்குத்தான் இடம்.

இன்றைய ரத்தம்: நூற்றெட்டு, நூற்றொன்பது.
பாதி மருந்தா,
பாலம் தாண்டி இருவரும் நடந்தே வருவதா,
வால்நட்டைச் சரம் கோத்துத் திராட்சைப் பாகில் தோய்ப்பதை
இந்த இலையுதிரில் சியாலா விட்டுவிட்டதா,
அந்த ராத்திரிக்குப் பிறகு வந்த தூக்கமா...
சொல்ல முடியாது.
அந்த ஜாடி பேசாது.

கட்டத்தில் 'கலப்பு' என்று எழுதினேன்.

அவர்கள் படியிறங்கிப் போன பிறகு
இரண்டு அரைகளையும் தட்டின் நடுவே
நெருக்கி வைத்துப் பார்த்தேன்.
உடைந்த ஓரம் அப்படியே பொருந்தியது.
ஒன்று என்று எண்ணினேன்.