ஐந்து விநாடிக்குள் ஒரு பொத்தானை அழுத்தவும்

முதலில் திரை கறுப்பு.
ஓசை மட்டும் வந்தது, அதுவும்
எண்ணெய் காயுமுன் போட்ட கடுகு போல
ஒன்று வெடித்து, யோசித்து, இன்னொன்று.

பயாஸ் கோப்பு இல்லை என்றது எமுலேட்டர்.
இருக்கிறது என்றேன்,
ஃபோல்டரைத் திறந்தும் காட்டினேன்.
பெயரில் ஓர் எழுத்து பெரிதாக இருந்ததாம்.
சின்னதாக்கியதும் சரி என்றது.
மின்வாரிய ஆபீசில் நானும் அப்படித்தான்,
இனிஷியல் மாறினால்
விண்ணப்பத்தைத் திருப்பிவிடுவேன்.

ஆனந்தகிரியில் ஐப்பசி.
நாலு நாளாய் மழை. ஏழாவது தெருவில்
மளிகைக்கடை வாசலை அடைத்துக்கொண்டு
ஒரு காட்டெருமை.
எனக்கு லீவு மிச்சமிருந்தது.
பெட்டிக்குள் ஈரம் ஏறாமலிருக்க
கோழிக்குஞ்சுக்கு வைப்பதுபோல்
பக்கத்தில் ஒரு குண்டு பல்பை எரியவிட்டு
ஒவ்வொன்றாய் மாற்றினேன்,
மாற்றியதைப் பால் கணக்கு நோட்டின்
பின்பக்கம் குறித்தேன்.

படம் வரையும் வேலையைக் கார்டிடமிருந்து பிடுங்கி
பிராசஸரிடம் கொடுத்தேன்.
நிறம் வந்தது.
ஒலியின் பஃபரை இரட்டித்தேன்.
கடுகு அடங்கியது.
ஆனால் ஆட்டத்துக்கு
ஐந்தில் ஒரு பங்கு அவசரம்,
கொக்குகள் கடைசி பஸ்ஸைப் பிடிக்கப் பறந்தன.
ஐம்பதுக்குச் செய்த வட்டை
அறுபதில் ஓட்டியிருக்கிறேன்.
இருபது வருடமாய் மீட்டர் அட்டையில்
ஹெர்ட்ஸ் என்ற சொல்லைத் தாண்டிப் போனவள்
அன்றுதான் நின்று பார்த்தேன்.

சரி, இனி ஆட்டம்.
ஒரே படகு, இரண்டு துடுப்பு.
இடது முதல் ஆளுக்கு,
வலது இரண்டாம் ஆளுக்கு.
நான் இழுக்க இழுக்க
படகு நின்ற இடத்திலேயே வட்டமடித்தது.

பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜோடியாய் வாங்கிய பேட்கள்.
இரண்டுக்கும் ஒரே பெயர், ஒரே எண்.
இரட்டைப் பிள்ளைகளில் ஒன்றைப் பார்த்துவிட்டு
இன்னொன்றும் இதுதானே என்றது கணினி.
இரண்டாவதைப் பிடுங்கிப் பின்பக்கத் துளையில் செருகினேன்.
ஒயர் கட்டை. பேட் மேஜைக்குப் பின்னால் தொங்கியது.
ஐந்து விநாடிக்குள் ஒரு பொத்தானை அழுத்தவும்.
மவுஸை விட்டு நான் குனிவதற்குள்
ஆறு ஆகிவிடும்.
கால் கட்டைவிரலால் அழுத்தியிருக்கலாம்.
அது அப்புறம்தான் தோன்றியது
என்று வைத்துக்கொள்வோம்.

மாடி வீட்டு எமல்டாவோடு
பங்குனியிலிருந்து பேச்சில்லை.
தண்ணீர் டேங்க் வால்வை யார் திருப்பியது என்பதில்
கரண்டாபீஸ் திமிர் என்றாள்.
நான் என்ன சொன்னேன் என்பதை
இங்கே எழுத மாட்டேன்.

கதவைத் திறந்தவளின் கையெல்லாம் கோக்கோ,
தீபாவளி ஆர்டர்,
முழங்கையில் ஒட்டிய வெள்ளித்தாள்.
ஒரு பொத்தான் அழுத்தணும், வர்றீங்களா?
எந்தப் பொத்தான்?
எதுன்னாலும் பரவாயில்ல.
கையைக் கழுவப் போனாள்.
டேங்க் தண்ணீர் விழும் சத்தத்தை
இருவரும் கேட்டோம்.

மேஜைக்குப் பின்னால் குந்தினாள்.
ஒன்று, இரண்டு என்று நான் எண்ண
மூன்றில் அழுத்தினாள்.
திரையில் ஒரு பச்சைப் புள்ளி. இரண்டாம் ஆள்.
அவ்வளவுதானா?
அவ்வளவுதான்.
ஆனால் எழுந்திருக்கவில்லை.

படகு நேராகப் போனது
கொஞ்ச தூரம்,
பிறகு நாணலில் முட்டி, விலகி,
பிறகு மறுபடி நாணல்.
மெதுவா இழுங்களேன்,
உங்களுக்கு எல்லாத்துலயும் அவசரம்.
நீங்க இழுக்கவே இல்லையே.
இழுத்தேன், உங்க கணினிதான் லேட்டு.
அதுவும் உண்மைதான்,
நாலு ஃபிரேம் தாமதம்,
நோட்டில் குறித்துக்கொண்டேன்.

ஏழேகாலுக்குக் கரண்டு போனது.
உங்க ஆபீஸ்தான் என்றாள், இருட்டில்
சிரித்தாளா தெரியவில்லை.
யூபிஎஸ் கத்தத் தொடங்கியது.
எட்டு நிமிஷம் தாங்கும்.
மூன்றாம் இடத்தில் சேமித்தேன்.
முதலிரண்டிலும்
வட்டமடிக்கும் படகுகள் இருக்கின்றன,
அவற்றை இன்னும் அழிக்கவில்லை.