எண்பத்தேழில் கொதிக்கும் ஊர்

ஒருரோவிலிருந்து சலினாஸ் போகும் வழியில்
மூன்றாவது தடவையாகப் பச்சைத் தண்ணீர் கக்கியது
என் எண்பத்தாறாம் வருடத்து டொயோட்டா.
உள்ளே ஏழு பேர், மேலே கினோவா மூட்டைகள்,
கூண்டில் ஒரு சேவல்.
சேவல் மட்டும்தான் கருத்துச் சொல்லவில்லை.

ஹெட் காஸ்கெட் போச்சு என்றார் பாதிரியார்.
ஹெட் காஸ்கெட்தான் என்றாள் உப்பு விற்கிறவள்.
எங்கே வலித்தாலும் வாயு என்பது போல
வண்டி தண்ணீர் கக்கினால்
ஹெட் காஸ்கெட்.

ஃபெர்மின் உவாராச்சி என் பங்காளி,
வண்டியில் பாதி அவனுடையது.
மூவாயிரத்து ஐநூறு பொலிவியானோ ஆகும் என்றான்
டயரைப் பார்த்துக்கொண்டு.
வித்துடலாம், லியோகாதியா.
எந்தப் பாதியை, என்றேன்.
கோபத்தில் ரேடியேட்டர் மூடியைக்கூடப் போடாமல்
வீட்டுக்குப் போய்விட்டான்.

கையேடு எழுதியவன் கடலோரத்துக்காரன்.
அவனுக்குத் தண்ணீர் நூறில் கொதிக்கும்.
இங்கே மூவாயிரத்து எழுநூறு மீட்டரில்
எண்பத்தேழுக்கே பொங்கிவிடும்.
மொச்சை வேகுமுன் விருந்தாளி ஊர்போய்ச் சேர்ந்திருப்பார்.
குக்கருக்கு வெயிட் போல
அழுத்திப் பிடிக்க ஒரு மூடி இருக்கும்வரைதான்
மலையில் தண்ணீர் தண்ணீர்.

சனிக்கிழமை. எஞ்சின் கல்லாய்க் குளிர்ந்திருந்தது.
கார்னிவலில் மிஞ்சிய சிவப்பு பலூனை
ரேடியேட்டர் வாயில் இறுக்கிக் கட்டி
ஸ்டார்ட் செய்தேன்.
காஸ்கெட் கிழிந்திருந்தால்
எஞ்சின் தன் புகையால் அதை ஊதியிருக்க வேண்டும்.
பலூன் ஆட்டுக் காது மாதிரி தொங்கியது.
ஆயில் குச்சியை உருவினேன்.
மோர் கலந்த நிறம் இல்லை. கறுப்பு,
நாணயமான கறுப்பு.
தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப்
பழைய சட்டியில் போட்டு அடுப்பில் வைத்தேன்.
எண்பத்திரண்டில் வாய் திறந்தது.
(அந்தச் சட்டி இனி சமையலுக்கு ஆகாது.
அதன் விலையையும் ஃபெர்மினிடம் கேட்கவேண்டும்.)

எல்லாம் மாட்டி, மூடியைத் திருகி,
சாயங்காலம் ஏரிப்பக்கம் ஒரு சுற்று.
திரும்பி வந்து நிறுத்தியதும்
ஓரத்து பாட்டில் நிறைந்து
மண்ணில் பச்சையாய் வழிந்தது.
மதில்மேல் ஃபெர்மின்.
பார்த்தாயா என்று கேட்கவில்லை.
கேட்டிருந்தால் தேவலை.

ராத்திரி எனக்குத் தூக்கமில்லை.
சரியாயிருப்பவற்றையே எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஞாயிறு காலை பேட்டரியைப் பார்க்கத்தான்
பானட்டைத் தூக்கினேன்.
மேல் குழாய்
சப்பிக் கிடந்தது.
யாரோ விடிய விடிய உறிஞ்சியது போல
இரண்டு பக்கமும் ஒட்டி, கன்னம் விழுந்து.
மூடியைக் கால் திருகு திருகினேன்.
ஸ்ஸ்ஸ்.
வெளியே வந்த மூச்சில்லை அது,
உள்ளே போன மூச்சு.
குழாய் மெல்ல உருண்டு நிமிர்ந்தது.

மூடியைக் கவிழ்த்துப் பார்த்தேன்.
நடுவில் சட்டைப் பொத்தான் அளவு இன்னொரு வால்வு.
சூட்டில் வெளியேறியதை
ஆறினபின் உள்ளே விடுவது அதன் வேலை.
சுண்ணாம்பு கட்டி, துருப்பிடித்து
அசையாமல் இருந்தது.
போக வழி இருந்தது, வர வழி இல்லை.
நாங்களோ ரேடியேட்டர் குறைகிறதென்று
மேலே மேலே ஊற்றி
பாட்டிலை நிரப்பிக்கொண்டிருந்தோம்.

ஃபெர்மின் வீட்டுக் கதவைத் தட்டினேன்.
ஒன்றும் சொல்லாமல் மூடியை நீட்டினேன்.
நகத்தால் அந்தப் பொத்தானை இழுத்துப் பார்த்தான்.
மறுபடி இழுத்தான்.
உள்ளே வா என்றான்,
தேநீர் இருக்கிறது.

புது மூடி நாற்பத்தைந்து பொலிவியானோ.
அவன் பங்கு இருபத்திரண்டரை.
சில்லறையாகவே எண்ணி வைத்தான்.
சட்டியைப் பற்றி நான் பேசவில்லை.

திங்களன்று அதே ஏற்றம்.
இருவருக்கும் கண் முள்ளின் மேல்.
முள் நடுவில் நின்றது,
கொஞ்சம் யோசித்தது,
நடுவிலேயே நின்றது.
பின்னாலிருந்து பாதிரியார்
உப்பு விற்கிறவளிடம் சொல்லிக்கொண்டு வந்தார்:
என்ன இருந்தாலும், ஹெட் காஸ்கெட்தான்.